மனோன்மணி அக்காவும் டொரத்தியின் சட்டிகளும்

திங்கட்கிழமை காலை அத்தான் டெலிபோனில், "தம்பி, அக்கா போயிட்டா" என்றார். எந்தக் கடைக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா வீட்டில் இருந்த நாள் குறைவு. பிறகுதான் அவர் அழுவது கேட்டது.

மெல்பேண் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மனோன்மணி அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். இன்னொரு தரம் கேளுங்கள். எழுபத்துநாலாம் ஆண்டுக் குளிருக்குப் பயந்து, பக்கத்து வீட்டு டொரத்தி குயின்ஸ்லாந்தில் மகளிடம் போனார். தன் கற்றாழை, கள்ளிச் சட்டிகளை அக்காவிடம் ஒப்படைத்தார். அப்போது நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அந்தத் தெருவில் எங்களை நம்பி ஒருவர் எதையும் தந்தது அதுவே முதல் தடவை.

"இதுகள் செத்தால் இனித் தமிழரிட்டை ஒருத்தரும் ஒரு ஊசியும் தரமாட்டினம்" என்றார் அக்கா.

வீட்டுக்குள் வைக்கலாமே என்றேன்.

"முள்ளுச் செடி உள்ளுக்கை வந்தால் சண்டை வரும்."

"இப்ப மட்டும் இல்லையோ?" என்று முணுமுணுத்த அத்தானை ஒரு பார்வை பார்த்தார்.

ஆகவே சட்டிகள் முற்றத்தில் நின்றன. அக்கா தினமும் முழுகிவிட்டு, ஊரில் துளசிக்கு ஊற்றுவது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு தண்ணீர் வார்த்தார். உறைபனி விழுந்த ஒரு காலை, சில செடிகள் வெந்த வெண்டைக்காயாய்ச் சரிந்து கிடந்தன. "ஆரோ கண் வைச்சுப்போட்டினம், கண்ணூறு" என்று அக்கா முடிவுகட்டினார். டொரத்தியின் மிகப் பெரிய கற்றாழையை வேரோடு பிடுங்கி, காய்ந்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் கட்டி, வாசல் கூரை இறவாரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

சட்டியில் நின்றவை ஒவ்வொன்றாக அழுகின. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தொங்கியது மட்டும் கல்லுப்போல இருந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, கண்ணூறும் இல்லை, ஒண்டும் இல்லை. நான்தான் தண்ணி வாத்துச் சாக்காட்டிப்போட்டன்."

அன்றே செம்பு உள்ளே போனது. மிஞ்சிய சட்டிகள் மழை படாத இறவாரத்துக்கு வந்தன. பொழுதுபட்டதும் பழைய சேலைகளால் போர்த்தப்பட்டன. பால்காரன் அவற்றை ஆட்கள் என்று நினைத்துக் குட் மோர்னிங் சொன்னதாக அத்தான் சத்தியம் செய்வார்.

வசந்தத்தில் டொரத்தி வந்திறங்கியபோது அக்கா எதையும் மறைக்கவில்லை. "அன்பு கூடிப்போய்க் கொஞ்சத்தைக் கொன்றுவிட்டேன்" என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். தலைகீழ்க் கற்றாழையைப் பார்த்து டொரத்தி சிரித்த சிரிப்புக்குத் தெருவே வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிருக்கும் சட்டிகளோடு வீட்டுச் சாவியும் அக்காவிடம் வந்தது.

அக்காவின் செத்தவீடு முடிந்த மறுநாள் டொரத்தி என் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. இந்த வருடமும் மகளிடம் போகிறாராம். "நீ அவளுடைய ஆள்தானே" என்று சொல்லிச் சட்டிகளைப் படியில் இறக்கிவைத்துச் சாவியையும் நீட்டினார்.

அக்கா சம்பாதித்து வைத்த நல்ல பெயர் இப்போது என் கையில். எனக்குப் புல்லும் வளர்க்கத் தெரியாது. ஆனாலும் தலையாட்டி ஓம் என்றேன்.