கானா போகிறவர்களுக்குப் பாலா அண்ணை சொல்வது

மெல்பர்னின் ரோவில் பகுதியில் எங்கள் தெருவில் யாராவது பயணப்பெட்டியைக் கீழே இறக்கினால் போதும், பாலா அண்ணைக்கு எப்படியோ தெரிந்துவிடும். மாலையில் நடக்கப் போகிற சாட்டில் வந்து வேலியோரம் நிற்பார். எந்த ஊர், எந்த விமானம், எங்கே இறங்கி மாறுகிறீர்கள் என்று விசாரிப்பார். மறுநாள் விடிந்ததும் உங்கள் ஃபோனுக்குக் குறிப்புகள் வரத் தொடங்கும். வேண்டாம் என்றாலும் வரும்.

முழுப்பெயர் பாலகிருஷ்ணன். திருநெல்வேலிக்காரர். இங்கே கவுன்சிலில் மழைநீர் வடிகால்களுக்குப் பொறுப்பான என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் பக்கத்து வீடு, யாழ்ப்பாணத்துக்காரி. அவர் அதிகம் ஊர் சுற்றியவர் என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டுவாதம் அவரை வீட்டோடு கட்டிப்போட்டு வருடங்களாகின்றன. ஆனாலும் உலகத்தின் எந்த விமான நிலையத்தில் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்வார். நான் சிங்கப்பூருக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது, காலுறையைக் கைப்பையிலே வை என்று மூன்று தரம் செய்தி அனுப்பினார். எனக்கு எரிச்சல் வந்தது, வைக்கவில்லை. விமானத்தில் கால் விறைத்து, வழிநெடுக அவரை நினைத்துக்கொண்டே போனேன்.

அவருடைய முதல் குறிப்பு மட்டும் எந்த நாட்டுக்கும் மாறாது. "எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா ஒரே வரி. அதுக்கு மேல வாயத் திறக்கக் கூடாது."

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் முதன்முதலில் மெல்பர்ன் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது ஓர் அதிகாரி சும்மா மரியாதைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவர் தன் படிப்பு, தகப்பனாரின் ஓய்வூதியம், இந்த நாட்டு வடிகால்கள் மீது தனக்கிருந்த மதிப்பு என்று ஆரம்பித்து, மாமியார் கொடுத்துவிட்ட மாவடு வரைக்கும் போய்விட்டார். கொண்டுவரும் உணவுப் பொருட்களை எழுத வேண்டிய படிவத்தில் மாவடுவை அவர் குறிப்பிடவில்லை. அதன் பிறகு எல்லாப் பெட்டிகளும் திறக்கப்பட்டன. இடுப்பில் பிள்ளையோடு அவர் மனைவி விஜயாக்கா நின்ற கோலத்தை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் கேலி செய்தாலும் அந்த ஒருவரி விதியை நான் கேலி செய்ததில்லை. என் அக்கா மகன் பிரஷாந்தன் அகதியாக வந்து சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தவன். அவனிடமும் அதே கேள்வியைத்தான் மேசை மாற்றி மேசை, ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். உண்மையை நீட்டிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த நீட்டிலிருந்து இன்னொரு கேள்வி முளைத்தது. இப்போது டாண்டினோங்கில் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறான், ஆனால் யார் என்ன கேட்டாலும் ஒரு சொல்லில்தான் பதில் சொல்வான்.

பாலா அண்ணையின் மகன் சித்தார்த் சுரங்கப் பொறியியல் படித்தவன். பேர்த்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான். போன வருடம் ஒரு நாள் ஃபோனில், குமாசி நகரத்தில் நர்ஸாக இருக்கிற அகோசுவா என்ற பெண்ணைக் கட்ட விரும்புவதாகச் சொன்னான். விஜயாக்கா ஒரு மாலை முழுக்க அழுதார். அடுத்த நாள் காலையில், அந்தப் பிள்ளை காரம் சாப்பிடுமா என்று கேட்டார். பாலா அண்ணை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, இங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நேர்ல வந்து கதவத் தட்டிக் கேக்கணும்," என்றான் சித்தார்த். "நம்ம வீட்டு ஆளுங்க வாயால கேக்காம அவங்க மாமா சம்மதம் சொல்ல மாட்டாரு. அவரு சொல்றதுதான் முடிவு."

"எந்த மாமா?"

"அவ அம்மாவோட கூடப்பிறந்தவரு."

"தாய்மாமனா," என்றார் பாலா அண்ணை. அந்த நிமிடமே அவர் மனம் சமாதானமாகிவிட்டது என்று விஜயாக்கா பிறகு என்னிடம் சொன்னார். தாய்மாமனுக்கு மதிப்புக் கொடுக்கிற ஊர் தப்பான ஊராக இருக்காது என்பது அவர் கணக்கு.

ஆனால் கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை வேண்டும். மூட்டுவாதத்துக்காக அவர் எடுக்கிற மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பது. அந்த மருந்தோடு இந்த ஊசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலக்குக் கடிதம் தரலாமே என்று இவர் கேட்டிருக்கிறார். "கடிதம் விமான நிலையத்து அதிகாரியைச் சமாளிக்கும், கொசுவைச் சமாளிக்காது," என்றாராம் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்தவர் காரிலிருந்து இறங்காமல் கராஜுக்குள்ளேயே வெகுநேரம் இருந்தார். குசினி யன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அவரைப் போய்க் கூப்பிடத் தைரியம் வரவில்லை. சொல்ல ஒரு குறிப்பும் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விஜயாக்கா தனியாகப் போவது என்று முடிவாயிற்று. தனியாக விமானம் ஏறியே அறியாதவர். அதனால் குறிப்புகள் மழையாகக் கொட்டின. விசாவுக்குக் கான்பெராவிலுள்ள கானாத் தூதரகத்துக்கு முன்கூட்டியே அனுப்பு. மலேரியா மாத்திரையைப் போகும் முன்பே ஆரம்பி, திரும்பி வந்த பிறகும் நிறுத்தாதே. இராணுவச் சட்டை மாதிரிப் பச்சைப்புள்ளி போட்ட துணி எதுவும் வேண்டாம், அங்கே அது சட்டப்படி குற்றம். நம் ஊர்ப் பழைய உருண்டை முள் ப்ளக் அங்கே சில சுவர்களில் பொருந்தும், பழைய சார்ஜரைத் தூக்கிப் போடாதே. சில்லறை நோட்டாக வைத்துக்கொள். யாருக்கும் இடக்கையால் எதையும் கொடுக்காதே.

"இடக்கையால குடுக்கக் கூடாதுன்னு எனக்கே சொல்லித் தர்றாரு பாருங்க," என்று விஜயாக்கா என்னிடம் நொந்துகொண்டார். "நான் எங்க பொறந்தேன்னு மறந்துட்டாரு."

பெண் வீட்டுக்கு மது போத்தல்கள் கொண்டுபோவது அங்கே முறை என்று தெரிந்தபோது, இந்த வீட்டில் பியர் கூட வந்ததில்லையே என்று அக்கா தயங்கினார். வரிசைத் தட்டு என்று நினைத்துக்கொள் என்றார் பாலா அண்ணை. போகும் நாளில் விமான நிலையத்தில் வைத்தும் விடவில்லை. "யார் கேட்டாலும் என்ன சொல்லுவ?"

"Visiting family."

"எத்தன நாள்?"

"Three weeks. Return ticket இருக்கு."

"அதுக்கு மேல?"

"வாயத் திறக்க மாட்டேன்," என்றார் விஜயாக்கா. அவர் கண் கலங்கியிருந்தது, இவருக்கும்தான்.

கதவு தட்டும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குமாசியில் காலை என்றால் ரோவிலில் இருட்டிய பொழுது. தனியாக இருப்பாரே என்று இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு போனேன். பாலா அண்ணை பட்டுவேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் சீனி டின்னில் ஃபோன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஹீட்டர் ஓடியும் அவருடைய விரல்கள் வீங்கித்தான் இருந்தன.

"மாப்பிள்ளையின்ர அப்பா ரெடி போல," என்றேன்.

"ஃபோன்ல வேட்டி தெரியாதுதான், ஆனா எனக்குத் தெரியுமில்லம்மா," என்றார்.

திரையில் ஒரு நீளமான அறை. இரண்டு பக்கமும் கதிரைகளில் ஆட்கள். விஜயாக்கா மாம்பழ நிறப் பட்டில், வலப்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொருவருக்காகக் கைகொடுத்துக்கொண்டு போனார். "அப்படித்தான். வலப்பக்கத்துலேருந்து, அப்படித்தான்," என்று இங்கே இவர் முணுமுணுத்தார். நடுவில் முக்காலியில் போத்தல்கள் இருந்தன. அவற்றுக்கு அக்கா சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பாலா அண்ணை கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு பெண் தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அகோசுவாவின் தாய்மாமன் தோளில் துணி போர்த்திய பெரிய ஆள். அவர் அங்கே இருந்த ஃபோனைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் ஃபோனுக்கு முன்னாலும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். பாதித் திரையை அது மறைத்தது.

"எனக்கும் வச்சிருக்காங்கம்மா," என்றார் பாலா அண்ணை. குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. நான் எழும்பிப்போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

பிறகு தாய்மாமன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "எங்கள் பக்கம் எல்லாம் நலம். வழி நடந்து வந்தவர்கள் நீங்கள். என்ன காரியமாக வந்தீர்கள்?"

வீட்டுக்கு வந்தவரிடம் நம் ஆட்கள் எதைக் கேட்டாலும் இதைக் கேட்க மாட்டார்கள். பாலா அண்ணையின் முகம் சிவந்தது. "தண்ணியக் குடுத்துட்டு எதுக்கு வந்தேன்னு கேக்குறாங்களே," என்றார். அங்கே அப்படிக் கேட்பதுதான் மரியாதை என்று சித்தார்த்துக்குத் தெரியும். அவனுக்கு அது பழகிப்போனதால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

விஜயாக்கா கோபப்படவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "Visiting family," என்றார் தெளிவாக. "Three weeks. I have return ticket." சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து, பாஸ்போர்ட்டையும் மஞ்சள் அட்டையையும் எடுத்து வலக்கையால் நீட்டினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண் வீட்டுப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா பார்க்க வந்தவர் என்றால் அந்தப் போத்தல்கள் எதற்கு, உள்ளறையில் காத்திருக்கிற பெண் எதற்கு. மாப்பிள்ளை அங்கே வாய் திறக்கக் கூடாது, சித்தார்த் தலையைக் குனிந்தபடி இருந்தான். பக்கத்திலிருந்த அவனுடைய நண்பர் பேச எழுந்தார், தாய்மாமன் கையைக் காட்டி உட்கார வைத்தார். சொல் வீட்டாரிடமிருந்துதான் வர வேண்டும். எங்கோ தவறிவிட்டோம் என்று விஜயாக்காவுக்கு விளங்கிவிட்டது, எங்கே என்றுதான் விளங்கவில்லை. நீட்டிய அட்டையை மடக்காமல் ஃபோனைப் பார்த்தார்.

தாய்மாமனும் ஃபோன் பக்கம் குனிந்தார். "உங்களுக்கும் தண்ணீர் கொடுத்தோம் ஐயா. நீங்கள் என்ன காரியமாக வந்தீர்கள்?"

"நான் வரவில்லை," என்றார் பாலா அண்ணை ஆங்கிலத்தில். "ஊசி போட முடியவில்லை." அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு வரி முடிந்துவிட்டதல்லவா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முழங்கையில் இடித்தேன். "அண்ணை, அந்தாள் ஒஃபிசர் இல்லை. பெட்டைக்கு மாமன். முழுக்கச் சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். கிளாஸில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு பேசினார்.

"எனக்கு ஒரு பையன். சின்னதில் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கோபம் வந்தால் கதவை அடிப்பான், சாப்பாட்டு நேரத்துக்குள் அவனே வந்து சமாதானம் பேசுவான். வேலைக்கென்று தூரமாகப் போன பிறகு ஃபோனில் அவன் சிரித்துப் பேசியதில்லை. போன வருடம் சிரித்தான். யாரப்பா அங்கே என்று கேட்டேன். உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொன்னான். மாத்திரை, ப்ளக், எந்தக் கை என்று என் மனைவிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லலாம் என்றிருந்தேன். என் உடம்பு விடவில்லை. உங்கள் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கிறோம். தருவீர்களா என்று கேட்கத்தான் வந்தோம்."

தாய்மாமன் அதைத் தன் ஆட்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொன்னார். இவர் பேசியதைவிட அது நீளமாக இருந்தது. நடுவில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். முடித்துவிட்டு ஃபோனைப் பார்த்து, "நல்வரவு. இப்போதுதான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்," என்றார்.

அகோசுவாவை வெளியே அழைத்து வந்தார்கள். இந்தப் போத்தல்களை வாங்கிக்கொள்ளலாமா என்று மூன்று முறை கேட்டார்கள், மூன்றாம் முறை அவள் சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னாள். விஜயாக்கா பாஸ்போர்ட், அட்டை எல்லாவற்றையும் கதிரையில் போட்டுவிட்டு அவளை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார்.

"இடது கையும் பட்டுடுச்சே," என்றார் பாலா அண்ணை. கண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

ஃபோன் அணைந்த பிறகு சொதியைச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். அவர் சாப்பிடாமல் வீங்கிய விரல்களால் மெதுவாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஆருக்கு அண்ணை குறிப்பு? கானாவுக்கு இனி ஆர் போகினம்?"

"கல்யாணம் இங்கதானம்மா. மாமா ஜனவரில வர்றாரு," என்று ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

முதல் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. "மெல்பர்ன் விமான நிலையத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லுங்கள். மிச்சத்தை எனக்கு வைத்திருங்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு நான் கேட்பேன்."