கத்தரிக்கோல் வெட்டாத கிளை

எங்கள் குழுவின் மூத்தவரை முகத்துக்கு நேரே சார் என்போம். முதுகுக்குப் பின்னால் கத்தரிக்கோல். மருத்துவமனைகளில் டோக்கன் கொடுக்கும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. அதன் மூலப் பிரதி ஒன்றுதான். அதில் யாரும் நேரடியாகக் கை வைப்பதில்லை. அவரவர் அதிலிருந்து கிளை என்று ஒரு நகலைப் பிரித்துக்கொண்டு, மாற்றங்களை அங்கே செய்து பார்த்து, சரியானதும் மூலத்தோடு இணைப்போம். இழுத்தடித்தால் வினை. அதற்குள் மூலத்தில் வேறொருவர் அதே வரியை மாற்றியிருப்பார். எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கணினி கையை விரித்துவிடும்.

அந்தச் சிக்கலைப் பிரித்தே தலை நரைத்தவர் அவர். இரண்டு வாரம் யாரும் தொடாத கிளையை வெட்டிவிடுவது அவர் போட்ட சட்டம். கெஞ்சினாலும் மசியமாட்டார். மேலாளரின் கிளையையே வெட்டிய மனிதர்.

பார்வை மங்கியவர்களுக்கு டோக்கன் எண்ணை வாசித்துச் சொல்லும் பகுதியை நான் முக்கால்வாசி முடித்திருந்தபோது, குறைமாதத்தில் வலி எடுத்தது. யாரிடமும் ஒப்படைக்க நேரமில்லை. மகள் தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கவலை அரிக்கத் தொடங்கியது. என் கணினியையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். கிளையும் போயிருந்தால், எதைக் காட்டி என் இடத்தைத் திரும்பக் கேட்பேன்?

"ஒரு போன் பண்ணிக் கேட்டுடேன்" என்றார் கணவர்.

"வெட்டியாச்சுன்னு சொல்லிட்டா?"

கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

விடுப்பு முடிந்து போன அன்று, பையைக்கூடக் கீழே வைக்காமல் திறந்து பார்த்தேன். கிளை இருந்தது. மூலத்தில் நடந்த மாற்றங்களை வாராவாரம் யாரோ அதில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். முட்டிய இடங்களிலெல்லாம் என் வேலை கெடாமல் பொறுமையாகச் சரிசெய்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயர்.

அவர் மேசைக்குப் போனேன். "சார், என் பிராஞ்சை நீங்க வெட்டலையா?"

"தொடாததைத்தானே வெட்டுவேன். அதைத்தான் நான் தொட்டுட்டே இருந்தேனே."

"பேசாம எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கலாமே சார்?"

"கொடுத்தா மேனேஜர் சும்மா இருப்பாரா? சட்டம்னா சட்டம்." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா சார்."

"சரி, மிச்சத்த முடிச்சு சீக்கிரம் சேர்த்துடும்மா. என்னால இன்னும் எத்தனை நாள் சுமக்க முடியும்?"

என் இருக்கைக்குப் போய் வேலையைத் தொடங்கினேன்.

அந்த வாரமே முடித்து இணைத்தேன். ஒரு வரிகூட முட்டவில்லை. தேநீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் கிளையைக் காணோம். வெட்டியிருந்தார்.