ஜெயராணி டீச்சர் மீது நான் எழுதிய புகார்

ஜெயராணி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி, கேட்டி நகரத் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கையெழுத்துத் திரட்டியதும் இதே குழுதான். புகாரை எழுதியவள் நான். அவரை அறிந்த உங்களில் பலரும் கையெழுத்திட்டீர்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஏழாம் வகுப்புக்குச் சமூகவியல் எடுத்தார். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்றிருந்த காலத்தையும், அவர்கள் முதன்முதலாக வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த நாட்களையும் நடத்தும்போது பழைய படங்களைத் திரையில் காட்டுவாராம். "பின்னால் நின்று கத்துகிற பெரியவர்களைப் பாருங்கள். வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள்?" என்று கேட்பாராம். என் மகள் நிலா வந்து சொல்வாள்.

அந்த ஆண்டுதான், ஃப்ரீவேக்கு அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட் பிள்ளைகளை நம் பள்ளியில் சேர்க்க, பள்ளியின் சேர்க்கை எல்லையை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. பெரும்பாலும் கறுப்பின, மெக்சிகோ குடும்பங்கள். "அந்தப் பசங்க வந்தா ஸ்கூல் ரேட்டிங் அவ்ளோதான். நம்ம பசங்களோட அதுங்களா?" என்று சமையலறையில் நின்று போனில் பேசினேன். டீச்சர் எழுதச் சொன்ன கட்டுரையில் நிலா அதை அப்படியே எழுதினாள். வகுப்பில் வாசித்தும் விட்டாள்.

பெற்றோரை வெறுக்கக் கற்றுத்தருகிறார் என்று புகார் எழுதினேன். தலைமையாசிரியர் அறையில் டீச்சர் என்னிடம் தமிழில், மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை கேட்டதைத்தான் எழுதினவ. நான் ஒரு சொல்லும் சேர்க்கேல்லை."

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைமையாசிரியர்.

"என்னை மிரட்டுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டீச்சர் மறுத்தார். யாரும் நம்பவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கு வேலை இல்லை. எல்லையும் மாறவில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பாட்லக் விருந்து வைத்துக் கொண்டாடினோம்.

சர்ச்சில் நடந்த அஞ்சலியில், இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் நிலா அழுதபடி கேட்டாள்: "அம்மா, டிட் ஷி ஹேட் மீ? என் எஸ்ஸேயாலதானே எல்லாம்?"

"உன்னைப் பத்தி அவங்க எதுவும் சொன்னதே இல்லம்மா" என்றேன்.

அது பொய். போன வருஷம் மளிகைக் கடை வரிசையில் டீச்சர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். கீமோவில் முடியெல்லாம் கொட்டியிருந்தது. பார்க்காததுபோல் போனை எடுத்தேன். தோளைத் தொட்டார்.

"நிலாவில ஒரு பிழையும் இல்லையெண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ. பிள்ளை மனசில வச்சிருக்கும்."

சொல்லவில்லை. சொன்னால், பிழை யாரிடம் என்று அடுத்துக் கேட்பாள். டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் எனக்குச் சொன்னதல்ல.