கொலோனுக்கு ஐந்து நாள்

அந்த வரைபடம் எங்கள் கவுண்டர் மேஜையை முழுசாக மூடிவிட்டது. ஒரு மூலையில் ஸ்டேப்ளர், ஒரு மூலையில் ரப்பர் ஸ்டாம்ப், மூன்றாவதில் டீச்சரின் டிபன் பாக்ஸ், நாலாவதில் நான் குடித்து முடிக்காத டீ கிளாஸ். நடுவில் ரைன் நதி நீலமாக வளைந்து போனது. ஜெர்மனியில் கொலோன் என்ற பழைய ஊரின் வரைபடம் அது. டீச்சர் ஒரு தையல் நூலை எடுத்து, ஹோட்டல் இருக்கும் தெருவிலிருந்து பெரிய தேவாலயம் வரை சந்துபொந்தெல்லாம் வளைத்து வைத்து, பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் அளந்தார். "அறுநூறு மீட்டர் வருது சார். வயசானவங்க நடந்துருவாங்க. நடுவுல ஒரு தடவை உக்காரணும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டார். எழுபதுகளின் நடுவில், துபாய் தேராவில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸில் இது நடந்தது. டீச்சர் அதுவரை ஐரோப்பாவில் காலடி வைத்ததில்லை. நானும்தான்.

திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர் அவர். கணவருக்குக் கட்டுமானக் கம்பெனியில் வேலை, கராமாவில் ஃப்ளாட். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் ஆபீஸில் தற்காலிகமாகச் சேர்ந்தார். வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் டீச்சர் ஆகிவிட்டார். அப்போது எங்கள் மேனேஜர் ஆபீஸில் 'டூர்ஸ்' என்று தனியாக ஒரு மேஜை போடுவதாக இருந்தார். நாலு வருஷம் டிக்கெட் எழுதிக் கை தேய்ந்த எனக்குத்தான் அந்த நாற்காலி என்று நான் ரூமில் இருந்தவர்களிடம் சொல்லியும் வைத்திருந்தேன். மதுரைக்காரனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தேராவில் துணிக்கடைகள் வைத்திருந்த அரபு வியாபாரி ஒருவர் எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவருடைய வயதான தாயாருக்குத் தலைவலி வந்தால் ஓடிகொலோன்தான் மருந்து. நம் வீடுகளிலும் காய்ச்சல் என்றால் கர்ச்சீப்பில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதேதான். அந்தப் பாட்டில் பிறந்த ஊரைச் சாவதற்குள் பார்க்கவேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. மகனும் மருமகளும் கூடப் போவதாக ஏற்பாடு. முதலில் நான்தான் திட்டம் எழுதினேன். விமான நேரம், ஹோட்டல் பெயர், 'ஊர் சுற்றிப் பார்த்தல்' என்று முக்கால் பக்கம். வியாபாரி படித்துவிட்டு, இதற்கு டிக்கெட்டே போதுமே என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேலை டீச்சர் கைக்குப் போனது. மேனேஜர் பம்பாய்க்காரர், ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவார். "இது நல்லா முடிஞ்சா டூர்ஸ் மேஜை உங்களுக்கு. பார்ட்டி குறை சொன்னா மாசக் கடைசியோட கலாஸ், வேலை முடிஞ்சுது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

டீச்சர் அந்த ஊர் சுற்றுலா அலுவலகத்துக்குத் தபால் எழுதி வரைபடமும் கையேடுகளும் வரவழைத்தார். வியாபாரியின் வீட்டுக்குப் போன் போட்டு, அந்த அம்மா எத்தனை படி ஏறுவார், மீன் சாப்பிடுவாரா, மத்தியானம் தூங்குவாரா என்று மருமகளிடம் கேட்டார். கோபுரத்துக்கு ஐந்நூறுக்கு மேல் படி, ஆகவே மகன் மட்டும் ஏறட்டும், அம்மா கீழே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கட்டும் என்று எழுதினார். ரோமானியர் காலத்துப் பொருள்கள் இருக்கும் மியூசியத்துக்கு எந்த வாசல் பக்கம் என்பதுகூட அதில் இருந்தது. நாலு பக்கம். டைப் அடித்தது நான். அடிக்க அடிக்கப் பொறாமை போய், பக்கத்து நாற்காலியில் இப்படி ஒருத்தர் இருக்கிறாரே என்று எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது.

அந்த நாலு பக்கமும் வியாபாரியிடம் போய் இரண்டு நாள் ஆன பிறகு, சனிக்கிழமை காலை, எங்கள் மலையாளி கேஷியர் கார்பன் காப்பியைப் படித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர். "டீச்சரே, ஞாயிறு காலையில பெரிய பள்ளியில குர்பானா நடக்குமே, இவங்க எங்ஙனே சுத்திப் பார்க்கும்?" என்று கேட்டார். அவர் ஊரில் சர்ச்சுக்குப் பள்ளி என்றும் பூசைக்குக் குர்பானா என்றும் பெயர்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. துபாயில் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிறு டியூட்டி நாள் என்பதால் இங்கே சர்ச்சில்கூட வெள்ளிக்கிழமைதான் பெரிய கூட்டம். அதைத் தினம் பார்த்துப் பழகிய டீச்சர், வெள்ளிக்கிழமை தேவாலயம் நெரியும் என்று அன்று ஓய்வு போட்டு, ஞாயிறு காலை தேவாலயம், மாலை கடைவீதி, திங்கள் மியூசியம் என்று எழுதியிருந்தார். அந்த ஊரிலோ ஞாயிறு பூசை நாள், கடைகள் எல்லாம் மூடியிருக்கும். கையேட்டைப் புரட்டினால் மியூசியத்துக்குத் திங்கள்தான் விடுமுறை. ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கியவர்கள்தானே நாங்கள். இங்கே வந்த சில வருஷத்தில் அது எப்படி மறந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பார்ட்டி புதன்கிழமை கிளம்புகிறது. "ஹோட்டல்காரன் டெலக்ஸ்ல தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லிடலாம். யாரு போய்க் கேக்கப் போறாங்க?" என்றார். டீச்சர், "ஹோட்டல்காரன் ஒண்ணும் சொல்லலையே சார். நான் எழுதினது. நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார். போனால் வேலை போகும் என்று மேனேஜர் எச்சரித்தார். டீச்சர் டைப்ரைட்டரைக் காட்டி என்னைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் புதுத் திட்டம் தயார். வெள்ளி காலை மியூசியம், மத்தியானம் தொழுகைக்கு ஓய்வு. சனிக்கிழமை கடைகள் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் முற்பகலிலேயே கடைவீதி. ஞாயிறு முழுக்க ரைனில் படகு. திங்கள் நிதானமாகத் தேவாலயம்.

துணைக்கு நானும் போனேன். வியாபாரி கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தன் உடைந்த இந்தியில், எந்த நாளில் என்ன தப்பு, ஏன் நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். மன்னிப்பு ஒரே தடவைதான் கேட்டார். வியாபாரி பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் படித்தார்.

"நீங்க சொல்லலைன்னா அங்க போய்த்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லையா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆமா. அம்மா பூட்டின கடைவீதியில நின்னிருப்பாங்க" என்றார் டீச்சர்.

அவர் பழைய தாள்களைக் கிழித்துக் கூடையில் போட்டார். "கலாஸ். இதுலயே போறோம்" என்றார். பிடித்ததா, கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

அவர்கள் ஊரில் இல்லாத அந்த நாள்களை ஆபீஸில் நாங்கள் கழித்த விதத்தைச் சொல்லி மாளாது. டீச்சர் மட்டும் வழக்கம்போல டிக்கெட் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, "இந்நேரம் படகுல ஏறியிருப்பாங்க" என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அன்று அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இப்போது அமீரகத்திலேயே ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. என் மகள் போன மாதம் அங்கிருந்து ஏதோ ஓர் ஐரோப்பிய ஊருக்குப் போக, கைபேசியிலேயே கால் மணி நேரத்தில் எல்லாம் முடித்துவிட்டாள். கடை எப்போது மூடும், எத்தனை மீட்டர் நடக்கவேண்டும், எல்லாம் அதுவே சொல்கிறது. நல்லதுதான். டீச்சரிடம் அது இருந்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது. அந்தச் சனிக்கிழமையும் இருந்திருக்காது, அவர் எப்பேர்ப்பட்டவர் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கொலோனிலிருந்து திரும்பி வந்த இரண்டாம் நாள் வியாபாரி ஆபீஸுக்கு வந்தார். மேனேஜர் எழுந்து தன் அறைக் கதவைத் திறந்து நிற்க, அவர் கவுண்டருக்கு வந்து டீச்சர் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா படகை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாங்க" என்றார். தன் அண்ணன் குடும்பம் அடுத்த மாதம் வியன்னா போகிறது, திட்டத்தை டீச்சர்தான் எழுதவேண்டும், கீழே அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று மேனேஜருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, டூர்ஸ் மேஜைக்குப் பெயர்ப்பலகை ஆர்டர் கொடுக்கச் சொன்னார். பேப்பரை எடுத்த பிறகுதான் உறைத்தது. வருகைப் பதிவேட்டில் அவர் கணவர் பெயரோடு மிஸஸ், எங்கள் வாயில் டீச்சர். அவர் பெயர் எனக்குத் தெரியவே தெரியாது. கவுண்டருக்குப் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்பாவின் இனிஷியலோடு தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். என் பெயர் வரும் என்று நாலு வருஷம் நான் நினைத்திருந்த பலகைக்கு, அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்.