ஒரே பெட்டி போதும் என்றவர்

நண்பர்களே, இன்று மதுரை ஸ்டேஷனில் நடந்ததை ரயிலில் உட்கார்ந்தே எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பினாங்குக்குத் துணிக்கடை வேலைக்குப் போகிறேன் அல்லவா? அங்கே ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய எங்கள் தெரு சுந்தரம் அண்ணன், ஒரு வாரமாக ஒரே பாட்டைப் பாடினார்.

“கப்பல்ல சுமை ஆகாது மாப்ள. ஒரே பெட்டி, அதுவும் பாதிதான் நெறைஞ்சிருக்கணும். ஊறுகா, வத்தல்னு அள்ளிட்டுப் போனா பட்டிக்காட்டான்னு சிரிப்பாய்ங்க.”

நம்பினேன். என் மனைவி எனக்கென்றே ஊறவைத்திருந்த நார்த்தங்காய் ஜாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். அந்தக் கோபத்தில் அவள் ஸ்டேஷனுக்கே வரவில்லை.

வண்டி கிளம்புகிற நேரம், அண்ணன் ஓடிவந்து சன்னல் வழியாக ஒரு மூட்டையைத் திணித்தார். உள்ளே அவர் வீட்டு நார்த்தங்காய் ஜாடி, மோர்மிளகாய், வடகம்!

“அங்க இருக்க என் தம்பிக்கு மாப்ள. உன் பெட்டியிலதான் அம்புட்டு இடம் கிடக்குல்ல!”

“அண்ணே, நீங்கதான சுமை ஆகாதுன்னு சொன்னீக?”

“அது உனக்குப்பா. அவன் பாவம், நாக்கு செத்துக் கிடக்கான்.”

வண்டி நகர்ந்துவிட்டது. இல்லையென்றால் மூட்டை அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

திண்டுக்கல் தாண்டியதும் மனைவி கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றைப் பிரித்தேன். அவ்வளவு கோபத்திலும் சோறு கட்டியிருக்கிறாள். தொட்டுக்கொள்ள மட்டும் எதுவும் வைக்கவில்லை.

அண்ணனின் ஜாடியைத் திறந்துவிட்டேன். பினாங்கு போய்ச் சேர்வதற்குள் காலி செய்துவிடுவேன்.

வெறும் ஜாடியைத் தம்பிக்காரனிடம் நீட்டி, “சுமை ஆகாதுன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு” என்று சொல்லிவிடட்டுமா? நீங்களே பதில் எழுதுங்கள்.