திட்டுத் திட்டான வானம்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. முன்னறையில் அம்மாவும் சித்தியும் பட்டுத் தறியில். அடுத்த அறையில் நான் கணினியில் கேலக்ஸி பொறுக்கிக்கொண்டிருப்பேன். ஆன்லைன் கூட்டத்தில் தறிச் சத்தம் கேட்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்ப் பார் என்று சொன்னவர்கள் உண்டு.

தொலைநோக்கி எடுத்த படங்களில் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். எது நட்சத்திரம், எது கேலக்ஸி, எது வெறும் கண்ணாடியில் தெறித்த வெளிச்சம் என்று பிரித்துப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் இருப்பதைத்தான் அடுத்த தொலைநோக்கி தூரம் அளக்கத் திரும்பிப் பார்க்கும். விட்டது விட்டதுதான்.

என் பங்குக்கு வந்தது வானத்தில் ஒரு பட்டை. அதில் ஒரு பக்கம் கேலக்ஸி அடர்த்தி, ஒரு பக்கம் வெறிச்சென்று. இந்த வித்தியாசத்தில் கொஞ்சம் பொய் என்று தெரியும். நமக்கும் அவற்றுக்கும் நடுவில் இருக்கும் தூசி மறைக்கும், மங்கலான ராத்திரிகளில் எடுத்த படத்தில் சின்னவை தப்பிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் பட்டியலை மூடுகிறோம், அதற்குள் சரியாகாவிட்டால் அந்தப் பட்டையையே விட்டுவிடலாம் என்றார் குழுத் தலைவர், வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு. விடுவதாமே! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

தூசிக்கு ஒரு திருத்தம், மங்கலுக்கு ஒன்று, நட்சத்திரங்கள் நெருக்கி மறைப்பதற்கு ஒன்று போட்டேன். அப்போதும் திட்டுத் திட்டாகவே இருந்தது. எங்கள் வீட்டில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விலகினால் பிரித்துவிட்டு மறுபடி நெய்வோம். அந்தக் கை சும்மா இருக்குமா? அகப்பட்ட திருத்தத்தையெல்லாம் அள்ளிப் போட்டேன். புதன்கிழமை காலையில் படம் சமமாகிவிட்டது. பெருமை தாங்காமல் தலைவருக்கு அனுப்பிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒரே சீரா வந்துக்குதுமா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றாள் அம்மா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

புடவையைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சொல்வாள். நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். கேலக்ஸிகள் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, நடுவே பெரிய வெற்றிடங்களை விட்டிருக்கும். அந்தச் சேர்க்கையை அளக்கத்தான் இத்தனை பேர் உழைக்கிறோம். நானோ அதையே தட்டிச் சமமாக்கி வைத்திருக்கிறேன்.

கணினியிலேயே ஒரு பொய் வானம் செய்து, அதில் கூட்டங்களை நானே வைத்து, என் திருத்தங்களை அதன்மேல் ஓட்டினேன். வைத்த கூட்டமெல்லாம் துடைத்தாற்போல் போயிருந்தது.

தலைவரைக் கூப்பிட்டு, மறுபடி செய்ய வேண்டும் என்றேன். நேற்றுவரை குறை சொன்னவர், படம் அருமையாக இருக்கிறதே, அப்படியே சேர்த்துவிடலாம் என்றார்.

"அருமையா இருக்கறதுதான் சார் தப்பு."

வெள்ளிக்கிழமை மதியம் தாண்டினால் பட்டை கிடையாது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். ஏன் போட்டேன் என்று காரணம் சொல்ல முடியாத திருத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக உருவினேன். முதலில் போட்ட மூன்று மட்டும் நின்றன. தண்ணீர் குடிக்க வந்த அம்மா, நன்றாக வந்ததை யாராவது பிரிப்பார்களா என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை பொய் வானத்தை மறுபடி ஓட்டினேன். வைத்த கூட்டங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. பட்டியலை அனுப்பினேன். பட்டை சேர்ந்துவிட்டது என்று மதியத்துக்கு முன்பே பதில் வந்தது.

அம்மாவை மறுபடி கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது.

"இன்னாமா, திட்டுத் திட்டா இருக்குது? சரி பண்ண இன்னும் டைம் குடுப்பாங்களா?"

"வானம் அப்படித்தாம்மா இருக்குது" என்றேன்.