பிச்சையா ருசி பார்த்த தண்ணி

எங்க வீட்டுக்காரரு பிச்சையா தூத்துக்குடியில மூணாவது மைல் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு. முன்னால ஷெட்டு, பின்னால வீடு.

அந்த மனுசனுக்கு ஒரு வழக்கம். எந்த வண்டி ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துனாலும், முதல்ல ஒரு சொட்டு எடுத்து நாக்குல வச்சுப் பாப்பாரு. நம்ம ஊருல எங்கன போர் போட்டாலும் உப்பு. குடிக்க நல்ல தண்ணி, பொழங்க உப்புத்தண்ணின்னு ரெண்டாப் பிரிச்சு வச்சுத்தான் குடும்பமே நடத்துதோம். உப்புத்தண்ணி இன்ஜினுக்குள்ள போனா இரும்பைத் தின்னுரும். அதனால ஷெட்டுல இருக்க நீல டிரம்முல நல்ல தண்ணி மட்டும்தான். கஸ்டமர் பாத்துக்கிட்டு நிக்கும்போதே நாக்குல வைப்பாரு, தலையை ஆட்டுவாரு, பெறவுதான் கூலன்ட் கலப்பாரு. திரேஸ்புரத்து மீன் வண்டிக்காரன்லருந்து சாகுபுரத்து ஆபீசர் வரைக்கும் அந்த நாக்கை நம்பித்தான் வாராங்க. எங்களுக்குச் சொத்துன்னு இருக்கது அந்த ஒரு பேருதான்.

அதே நாக்குதான் என் உசிரையும் வாங்கும். கல்யாணம் ஆன நாள்லருந்து என் சமையல்ல குத்தம் சொல்லாத நாள் கிடையாது. உப்பு கூடிப்போச்சு, புளி பத்தல, இதெல்லாம் ஒரு மீன் குழம்பான்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போவாரு. நானும் சும்மா இருக்க மாட்டேன், "நாளைக்கு ஓட்டல்ல போய்க் கொட்டிக்கோங்க"ம்பேன். கொரோனா வந்து பதினஞ்சு நாள் படுத்து எந்திரிச்ச பெறவு மனுசன் மாறிட்டாரு. வச்சதைத் தின்னாரு, ஒரு வார்த்தை பேசல. பக்கத்து வீட்டு ஞானபாய்கிட்ட எத்தனை தடவை பீத்தியிருக்கேன், "எங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் என் கை ருசி தெரிஞ்சிருக்கு"ன்னு. வெக்கக்கேடு.

போன வியாழக்கிழமை காலையில அற்புதமணி டீச்சர் காரைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. நாசரேத்துக்காரங்க, எங்க பழைய கஸ்டமரு. ஸ்ரீவைகுண்டம் பாலத்துல வண்டி சூடேறிப் புகை கக்கி நின்னுபோச்சாம். இவரு பானெட்டைத் தூக்கிப் பாத்தாரு. இன்ஜினுக்குப் பின்னால, மேனிஃபோல்டுங்குத குழாய்க் கொத்துக்கு அடியில ஒரு தண்ணி பைப் போகுது. அங்கனதான் ஒழுக்கு. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. மேல இருக்கதை ஒண்ணொண்ணாக் கழட்டி, மேனிஃபோல்டை இறக்கி வச்சு, சந்துக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு, போல்ட்டைத் தடவித் தடவியே கழட்டணும். ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டுனாரு. கையெல்லாம் சிராய்ப்பு.

கடைசியில பைப்பைப் பிடிச்சு இழுத்தாரு. பாதிதான் வந்துச்சு. அந்தப் பாதியும் ஓட்டை ஓட்டையா அரிச்சுப்போயி, உள்ள வெள்ளை வெள்ளையா உப்புப் படிஞ்சு கெடக்கு. அவரு முகம் செத்துப்போச்சு.

"டீச்சர், இதுல உப்புத்தண்ணியை ஊத்தியிருக்கீங்க"ன்னாரு. நல்ல கோவம்.

"நான் பானெட்டைத் தொறந்ததே கிடையாது அண்ணாச்சி. உங்க கையைத் தவிர வேற கை படல"ன்னாங்க டீச்சர்.

அந்த நீல டிரம்மை நிரப்புதது நான்தான்.

ரெண்டாயிரத்து இருபத்திமூணு டிசம்பர்ல பெருவெள்ளம் வந்துச்சுல்ல, அதுக்குப் பெறவு எங்க போர்ல நல்ல தண்ணி வந்துச்சு. குழாயில சொட்டுத் தண்ணி வராத நேரம். "இதை டிரம்முல ஊத்தலாமா?"ன்னு அவருகிட்ட கேட்டேன். நாக்குல வச்சுப் பாத்துட்டு "ஊத்து"ன்னாரு. அன்னையிலருந்து மோட்டாரைப் போட்டுத்தான் நிரப்புதேன். நாலஞ்சு மாசத்துல துணி தொவைக்கயில சோப்பு நுரைக்காமப் போச்சு. தண்ணி திரும்பவும் உப்பாயிருச்சோன்னு எனக்குச் சந்தேகம்தான். ஆனா தினமும் நாக்குல வைக்குத மனுசன் ஒண்ணும் சொல்லலையே. என் கையில இருக்க சோப்பை விட அவரு நாக்கைத்தான் நம்புனேன்.

இவரு விறுவிறுன்னு டிரம்முகிட்ட போயி, ஒரு விரலை முக்கி நாக்குல வச்சாரு. தலையை ஆட்டுனாரு. "நல்ல தண்ணிதான்"னாரு.

டீச்சரும் பின்னாலயே போயி விரலை முக்கி வாயில வச்சாங்க. உடனே துப்பிட்டாங்க. "அண்ணாச்சி, இது கரிக்குது."

நானும் பாத்தேன். வாயில வைக்க முடியல. அவரு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்காரு, கண்ணுல அப்படி ஒரு பயம். எனக்கு அப்பதான் சுருக்குன்னு பட்டுச்சு. அடுப்பங்கரைக்கு ஓடி ஒரு உப்புக் கல்லை எடுத்துட்டு வந்தேன். கண்ணை மூடச் சொல்லி வாயில போட்டு, "என்னன்னு சொல்லுங்க"ன்னேன்.

கடக்குன்னு கடிச்சாரு. "மணலு மாதிரி இருக்கு மாடத்தி"ன்னாரு.

கொரோனா காய்ச்சலோட போன ருசி திரும்பி வரவே இல்லியாம். நாலு வருஷம். "நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன் இங்கன வண்டி விடுவான்? அதான் சும்மா வச்சு வச்சுத் தலையை ஆட்டுனேன். வெள்ளத்துக்குப் பெறவு எல்லார் வீட்டு போரும் இனிச்சுச்சு, நம்மளதும் அப்படித்தான்னு நெனச்சேன்"னாரு.

எனக்குத் தண்ணி நெனப்பே போயிருச்சு. நாலு வருஷமா என் பக்கத்துல உக்காந்து வெறும் சக்கையைத் தின்னுட்டு எந்திரிச்சிருக்காரு. நான் கை ருசின்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஏன் பேசாமத் திங்கீங்கன்னு ஒரு நாளாவது கேக்கத் தோணுச்சா இந்தப் பாவிக்கு?

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி"ன்னாங்க டீச்சர். அவங்க சொல்லாட்டா போதுமா? இந்த டிரம்முத் தண்ணி இன்னும் எத்தனை வண்டிக்குள்ள ஓடுது. வாயைத் தொறந்தா பேரு போயிரும். தொறக்காட்டா எவன் வண்டியாவது நடுரோட்டுல நிக்கும். இவரு அந்த ஓட்டைப் பைப்பைக் கீழ வச்சாரு. பெறவு கையைத் தொடைச்சுட்டுப் போனை எடுத்தாரு.

முதல்ல திரேஸ்புரத்து மீன் வண்டிக்கார செல்வின். "ஏலே செல்வின், உன் வண்டிக்கு நான் ஊத்துனது உப்புத்தண்ணி. எனக்கு நாக்குல ருசி கிடையாது. கொண்டா, கழுவி விட்டு மாத்தித் தாரேன்." இப்படியே முப்பது முப்பத்தஞ்சு பேருக்குச் சொன்னாரு. சில பேரு ஏசுனாங்க. சாகுபுரத்து ஆபீசர் இனிமே வரலைன்னுட்டாரு. இவரு "சரி சார்"னு வச்சுட்டாரு.

புதுப் பைப்பை மாட்டி, கேன் தண்ணியில கூலன்ட் கலந்து ஊத்தி, டீச்சரை அனுப்பி வைக்கும்போது மணி நாலு. அதுக்குப் பெறவுதான் சோறு போட்டேன், விளமீன் குழம்பு. ஒரு வாயை உருட்டி எடுத்தவரு, அப்படியே என்னைப் பாத்தாரு.

"ஏளா, உப்பு சரியா இருக்கா?"

ஏசுததுக்குக் கேக்கல, நெசமாவே தெரியாமக் கேக்காரு. நான் ஒரு வாய் எடுத்து வச்சுப் பாத்தேன். இருந்த பதட்டத்துல உப்பே போடல.

"மறந்துட்டேங்க"ன்னு சொல்லி, உப்பு ஜாடியை எடுக்க எந்திரிச்சேன்.

"எனக்கு எதுக்கு? உனக்கு மட்டும் போட்டுக்கோ"ன்னுட்டு, அந்தச் சோத்தைப் பிசைஞ்சு தின்ன ஆரம்பிச்சாரு.